டெக்ஸாஸ் சுமங்கலி

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். தேத்தண்ணீர் போட்டுச் சீனி இல்லாமல் குடித்தேன். மனைவி துஷாந்தி இறந்த பிறகு சீனி வாங்க மறந்துபோகிறது. இத்தாலியின் பலேர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் கிழவருக்கு முகம் மழித்து, உடுப்பு மாற்றி, காப்பி பருக்கினேன். என் பொருளியல் பட்டம் இதற்குத் தடையாக இருக்கவில்லை. பத்து மணிக்கு, போர்கோ வெக்கியோ பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா சிவமலரின் மகள் அபிஷா பெரியபிள்ளையாகியிருந்தாள். சடங்கில் யார் எதைச் செய்வது என்று பேசுவதற்காகக் கூடினோம். அக்கா, அத்தான் கோபாலசிங்கம், அத்தானின் தங்கை கேசிகா, நான்.

"விதுரன், நீ தாய்மாமன். தேங்காய் உடைச்சு முதல் தண்ணி நீதான் வார்க்கவேணும்," என்றாள் அக்கா. பிறகு கேசிகாவின் முகத்தைப் பார்க்காமலே, "நீ குறை நினையாதை பிள்ளை. மேடைப் பக்கம் வராதை, குசினியிலை சமையலைப் பார். நல்ல காரியம், சனம் கதைக்கும்."

கேசிகாவின் கணவன் கஜானன் துறைமுகத்தில் சரக்குச் சரிந்து இறந்து மூன்று வருடம். துஷாந்தி இறந்து பத்து மாதம். கணக்குப்படி சாவு என்னிடம்தான் புதிதாக இருந்தது. ஆண்களிடம் அது ஒட்டாது போலும். குளித்தால் போய்விடுகிறது.

"என்ரை மனிசியும் செத்துத்தானே போனவ, அக்கா."

"உனக்கென்ன, நீ ஆம்பிளை. உன்னை ஆர் என்ன சொல்லப்போகினம்?"

அத்தான் கைபேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். பலேர்மோவில் நல்ல வெயில்.

"பெர்கே, அம்மா? ஏன்?" அறைக்குள்ளிருந்து அபிஷா கத்தினாள். "மாமிதானே எனக்கு முதல் நாள் எல்லாம் சொல்லித் தந்தவ!"

"வாயை மூடு. பெரியாக்கள் கதைக்கிறம்."

கேசிகா "ஓம் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். இரவு வேலைக்கு முன் கொஞ்சம் தூங்கவேண்டும் என்று எழுந்து போனாள். அவள் இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற நேர்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. அவள் கை பட்டுப் பிழைத்தவர்கள் யாரும் அது விதவையின் கை என்று முறையிட்டதாகத் தகவல் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் மூச்சு வாங்கினாள்.

"தம்பி, கேசிகாவுக்கு டெக்ஸாஸிலை வேலை கிடைச்சிட்டுது! ஹூஸ்டனிலை பெரிய ஆஸ்பத்திரியாம். கள்ளி, லண்டனுக்குப் போய்ச் சோதினை எழுதினதையே மறைச்சுப்போட்டாள்."

"நல்லது."

"நல்லதோ? இஞ்சை வருசம் முழுக்க உழைக்கிறதை அங்கை நாலு மாசத்திலை எடுக்கலாமாம். இரவு வேலைக்கு அதுக்கு மேலையும் குடுப்பினமாம். சம்பளத்திலை மாநில வரியும் இல்லையாம். மனிசி நேர்ஸ் எண்டா மனிசனுக்கும் கிறீன் கார்ட்டாம்."

"எந்த மனிசனுக்கு?"

"விசரா! நீயும் தனிய, அவளும் தனிய. உனக்கு முறை மச்சாள் வேற."

டெக்ஸாஸில் நேர்ஸ்மாருக்கு என்னென்ன சலுகை என்று நானும் இணையத்தில் படித்திருக்கிறேன். விதவைக் குறையையும் நீக்கித் தருகிறார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"அவளிட்டைக் கேட்டனியோ?"

"முதல்லை மேடையிலை ஏத்துவம். பிறகு கேப்பம்."

சடங்கன்று காலை தேங்காய் உடைத்தேன். அபிஷாவின் தலையில் தண்ணீர் வார்த்தேன். கூரை இடிந்து விழவில்லை. மாலையில் மண்டபம் நிறைந்தது. ஆலாத்தி நேரம் வந்தது. அதை இரண்டு பெண்கள் சேர்ந்து எடுக்கவேண்டும். இருவரும் சுமங்கலிகளாக இருக்கவேண்டும் என்பது வழக்கம். அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"பிள்ளையின் சொந்த மாமி, அமெரிக்கா செல்லவிருக்கும் நேர்ஸ் கேசிகா அவர்களை ஆலாத்தி எடுக்க மேடைக்கு அழைக்கிறோம்!"

"காலம் மாறிப்போச்சு, என்ன?" என்றது முன்வரிசை. "பாவம், சின்ன வயசுதானே."

மூன்று வருடமாக அவளுக்கு அந்த வயதுதான்.

கேசிகா குசினியிலிருந்து வந்தாள், நாகேஸ் அக்காவின் கையைப் பிடித்தபடி. நாகேஸ் அக்கா மாடிப்படி கழுவும் வேலை செய்பவர். எங்கள் விழாக்கள் எல்லாவற்றிலும் பின்னால் நின்று வடை சுடுவார். கணவர் இறந்து இருபது வருடம். அவரை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

என் அக்கா ஒலிவாங்கியைப் பொத்தினாள். "சபையிலை பகிடி விடாதை, கேசிகா. மற்றப் பக்கம் பிடிக்க ஆள் வைச்சிருக்கிறன்."

"வேண்டாம் அண்ணி. நாங்கள் ரெண்டு பேரும் எடுக்கிறம்."

"அவ… உனக்குத் தெரியும்தானே."

"தெரியும். அவவுக்கும் புருசன் இல்லை, எனக்கும் இல்லை. அவவிட்டை டெக்ஸாஸ் மட்டும்தான் இல்லை."

"தம்பியை யோசிச்சாவது…"

"தம்பியை ஹூஸ்டனுக்கு ஏத்திவிட நான் ஏஜென்சி நடத்தேல்லை."

முன்வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. அவள் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆலாத்தித் தட்டைத் தூக்கிக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். ஆம்பிளை, என்னை யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

அபிஷா மேடையில் எழுந்து நின்றாள். நாகேஸ் அக்கா படியருகில் நின்றுவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. பார், கையெல்லாம் மா."

கேசிகா தட்டை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் பட்டுச்சேலைத் தலைப்பை அவரிடம் நீட்டினாள்.

"இதிலை துடையுங்கோ அக்கா. தட்டு பாரம், இறுக்கிப் பிடிக்கவேணும்."