காப்பிரி வாத்தியாரின் பத்து வார்த்தைகள்

அப்பாவின் விறைத்த கை கோட்டுக்குள் நுழையவில்லை என்று செல்வதாஸ் அதன் முதுகுத் தையலைக் கத்தியால் கிழித்தான். அடக்கத்துக்கு நாகர்கோவிலிலிருந்து வெள்ளைக்கார மிஷன் துரை வருகிறாராம். உயிரோடு இருந்தவரை துண்டுக்கு மேல் ஒன்றும் போடாத மனுஷனுக்குக் கறுப்புக் கோட்டு. பார்த்துக்கொண்டிருந்த தங்கை ராகேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிணத்தைக் கண்டு அல்ல, அண்ணனின் விரல்களைக் கண்டு.

"அப்பா கேட்ட பத்து வார்த்தையை வாசிப்பியா?" என்றாள்.

அப்பா முத்துநாயகம் வாத்தியார் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் கரும்புத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருஷம் பாடம் சொன்னவர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தது அந்த நாட்டுக் கறுப்பு ஜனங்கள்தான். அவர்களைப் பாஷை கெட்டவர்கள் என்று எவனும் சொல்லக்கூடாது என்பார். அவர்களிடமிருந்தும் ஆப்பிரிக்காவின் மற்ற ஜனங்களிடமிருந்தும் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்ட வார்த்தைகளை நோட்டு நோட்டாக எழுதிவைத்தார். கறுப்பு ஜனங்களை இழித்துச் சொல்லும் பேரை ஒட்டவைத்து, ஊர் அவரைக் காப்பிரி வாத்தியார் என்று சிரித்தது. அடக்கத்தில் வாசிக்கிற ஜீவிய சரித்திரம் வேண்டாம், சவப்பெட்டி மூடுமுன் அதில் பத்து வார்த்தையை வாசித்தால் போதும் என்று கேட்டிருந்தார். செல்வதாஸ் தலைமாட்டில் இருந்து வாக்குக் கொடுத்தான்.

"ஏட்டி, எனக்கு ஹெட்மாஸ்டர் வேலைக்குத் துரை கையெழுத்துப் போடணும். அவருக்க முன்னால நின்னு அவருக்க பாஷையே இரவல்னு வாசிக்கவா? சும்மா கெட."

ராகேல் அப்பா அந்தப் பத்தையும் எழுதிவைத்த தாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் துரை வந்தார். செல்வதாஸ் தானே எழுதிய சரித்திரத்தை வாசித்தான். "பாஷை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத காட்டுமிராண்டிகள் நடுவே எங்கள் தகப்பனார்..." என்று நிறுத்திக் கண்ணைத் துடைத்தான். கண்ணில் ஈரமே இல்லை. துரை தலையசைத்ததும் குரல் இன்னும் கொஞ்சம் தழுதழுத்தது. செத்தவர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்ற தைரியம். ச்சீ என்றிருந்தது ராகேலுக்கு.

பெண்கள் உட்கார்ந்த பாயிலிருந்து எழுந்து பெட்டியருகே போனாள். "அப்பா கேட்டது இதுதான்" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

"பனானா. யாம், அது நம்ம காச்சில் கிழங்கு. கோலா, அது ஒரு கொட்டை. சிம்பன்சி. மாம்பா, அது விஷப்பாம்பு..."

எது எந்த ஜனத்தின் வார்த்தை என்றும் அப்பா எழுதியிருந்தார். அதையும் விடாமல் வாசித்தாள். செல்வதாஸ் பக்கத்தில் வந்து அவள் முழங்கையைக் கிள்ளினான். நகம் இறங்கியது. அவள் பத்தையும் முடித்தாள்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டியருகே நின்று ஒருவர் வாசித்து முடித்தால் அந்தச் சனத்துக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். கோயில் மணியடிக்கிற ரசலையன் தயங்கித் தயங்கி "ஆமென்" என்றார். சனமும் சொன்னது. துரை சற்று யோசித்தார். பிறகு தொப்பியை மார்போடு பிடித்து, அவரும் "ஆமென்" என்றார்.

உடனே செல்வதாஸ் கிள்ளிய கையை எடுத்துக் கூப்பினான். எல்லாரையும்விட உரக்க, "ஆமென்" என்றான்.

ஆசாரி மூடியைத் தூக்கினார். ராகேல் அண்ணன் கிள்ளிய முழங்கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். போதாமல் மறுபடியும் துடைத்தபடி, ஆசாரி ஆணியடிக்க இடம்விட்டு நகர்ந்தாள்.