வரவு:அக்கா

செந்தாமரை செல்போன் கம்பெனி லைனில் நின்ற காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். கூட வேலை செய்த பெண்கள் அந்த நேரத்தில் சீரியல் பார்ப்பார்கள், வாரத்துக்கெல்லாம் சேர்த்துத் தூங்குவார்கள். இவள் வீட்டுக் கணக்கு அடிப்பாள்.

கட்டம் போட்ட கணக்கு இல்லை அது. தம்பி இளம்பரிதி ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருக்கிறான். எங்கோ இன்டர்நெட்டில் பார்த்து அவன் கற்றுக்கொண்டு வந்த முறை. வெறும் எழுத்துதான். டெக்ஸ்ட் ஃபைலில் தேதி, என்ன விஷயம், அதற்குக் கீழே பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு வரி. முடித்துவிட்டுக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால் புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து, தலைப்பு வாரியாகக் கூட்டிக் காட்டும். வந்ததும் போனதும் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யமாக வேண்டும். பத்து ரூபாய் பிசகினாலும் எந்த வரியில் பிசகு என்று கத்தும்.

"ஆப் எல்லாம் வேணாம்க்கா. ஆப்காரன் கடைய மூடிட்டான்னா நம்ம கணக்கும் பூடும். டெக்ஸ்ட் ஃபைலு எந்தக் காலத்துலயும் தொறக்கும்" என்று சொல்லித்தான் சொல்லிக்கொடுத்தான்.

"சரிடா. என் சம்பளத்த எங்க போடுறது?"

"வரவுல போடு. வரவு, ரெண்டு புள்ளி, அக்கா. அவ்ளோதான்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. லைனில் அவளுக்குப் பெயர் கிடையாது, கார்டு நம்பர்தான். இங்கே 'வ' என்று தட்டியதுமே, ஃபைலை எழுதுகிற எடிட்டர் தானாக 'வரவு:அக்கா' என்று நீட்டியது. கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிற பிள்ளை மாதிரி.

சம்பளம் வந்த அன்றே தம்பி அக்கவுண்டுக்கு அனுப்பிவிடுவாள். அங்கிருந்து அது ஜல்லியானது, கம்பியானது, டைல்ஸ் ஆனது. சேரப்பணஞ்சேரியில் வீடு எழும்பியது. பத்திரம் இளம்பரிதி பெயரில். "என் பே ஸ்லிப்புக்குத்தான் பேங்க்காரன் லோன் குடுப்பான்க்கா" என்றான். வாஸ்தவம்தானே என்று இவளும் தலையாட்டினாள். OT செய்த பணத்தில் கிரில் கேட் போட்டபோது, அதையும் தன் கையாலேயே 'சொத்து:வீடு' என்று அடித்தாள்.

பிறகு கம்பெனியில் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. முப்பதைத் தாண்டிய பெண்கள் எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, ஐடி கார்டை வாங்கிக்கொண்டு, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். கூடவே வெளியே வந்த திருநெல்வேலிக்காரி நாச்சியாருக்குச் சமையல் கை. ஒரகடம் கூட்ரோடு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்களுக்கு டிபன் கடை போடலாம் என்று இரண்டு பேரும் பேசி, கடையும் பார்த்துவிட்டார்கள். ஒன்றரை லட்சம் அட்வான்ஸ். பாதிப் பாதி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் கடைக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.

தன் பங்கைத் தம்பியிடம் கேட்கிற விஷயம் செந்தாமரைக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நம் பணம், நாம் கொடுத்தது, நாம் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எந்தக் காசுக்கா?" என்றான் இளம்பரிதி.

"நான் குடுத்ததுடா. இவ்ளோ வருசமா."

"அது குடுத்தது இல்லக்கா. வூட்டுக்குப் போட்டது."

"இன்னாடா சொல்ற?"

அவன் சண்டைக்கு நிற்கவில்லை. நின்றிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். எழுந்து கையைக் கழுவி, துடைத்து, லேப்டாப்பை எடுத்து வந்து சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே வைத்தான். "நீயே கேட்டுப் பாரு. கடன் எவ்ளோன்னு கேளு."

கேட்டாள். கட்டளை கொடுத்ததும் திரையில் பட்டியல் வந்தது. கடன்:பேங்க். கடன்:நகை அடகு. கடன்:மளிகை. கடன்:பால். பால்காரருக்குக்கூட ஒரு வரி இருந்தது. அக்கா இல்லை.

"எல்லாம் நீ அடிச்சதுக்கா. நான் கைய வெச்சேனா?"

அம்மா கிளியம்மாள் எலும்பை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் குறுக்கே வந்தாள். "இன்னாடி, கூடப் பொறந்தவன்கிட்ட வட்டிக்கட கணக்கு கேட்டுகினு கீற? இந்த வூட்டுலதான துன்ன? இந்த வூட்டுலதான தூங்குன?"

"துன்னதுக்கும்தான் கணக்கு கீதேம்மா. அத கழிச்சிக்க சொல்லு. கழிச்சிட்டு மீதிய குடுக்க சொல்லு."

"சோத்துக்குக் கணக்கு பாக்குறா பாரு! நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பாக்க வர்றவன், வூட்டு மேல எவ்ளோ கடன் கீதுன்னு கேப்பானா இல்லியா? அக்காவுக்கும் தரணும்னா எவன் பொண்ணு தருவான்?"

அதுதான் விஷயம் என்று செந்தாமரைக்கு அப்போது புரிந்தது. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இடது கையால் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். எடிட்டரில் ஃபைலைத் திறந்து, 'வரவு:அக்கா' என்று இருக்கிற இடத்தில் எல்லாம் 'கடன்:அக்கா' என்று மாற்றச் சொன்னாள். ஒரு பட்டனைத் தட்டுகிற வேலைதான். அத்தனை வருஷச் சம்பளமும், தீபாவளி போனஸும், கிரில் கேட் OT-யும் ஒரே நொடியில் இடம் மாறின.

மறுபடி கேட்டாள். புரோகிராம் கத்தவில்லை. ஒரு வார்த்தை முனகவில்லை. கூட்டல் முன்பு இருந்த மாதிரியே பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தது. கடன்:அக்கா மட்டும் பேங்க் கடனைவிடப் பெரிதாக மேலே நின்றது.

"பாரு. இதுவும் சரின்னுதான் சொல்லுது."

இளம்பரிதி பார்த்தான். சிரித்தான். சின்ன வயதில் இவள் இடுப்பில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. "அக்கா, கூட்டல் சரியா தப்பான்னுதான் அதுக்குத் தெரியும். யாரு காசுன்னு அதுக்கு இன்னா தெரியும்? டெக்ஸ்ட் ஃபைல்ல யார் வேணா இன்னா வேணா எழுதலாம். இத எடுத்துகினு போயி எந்த கோர்ட்ல காட்டுவ?"

"அப்ப நீ எழுத சொன்னதும் அப்டித்தானடா?"

அவன் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தான். வாராவாரம் காப்பி எடுத்துவைக்கிற பழக்கம் அவனுக்கு. போன வார ஃபைல் திரும்பி வந்தது. அக்கா மறுபடி வரவுக்குப் போனாள்.

இளம்பரிதி எழுந்தான். பிறகு உள்ளே போய், பர்ஸிலிருந்து பத்தாயிரம் ரூபாயை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "கடைக்கு வெச்சிக்கோக்கா. திருப்பித் தர வேணாம். செலவு, ரெண்டு புள்ளி, உதவின்னு எழுதிடு."

"தங்கமான புள்ள" என்றாள் கிளியம்மாள்.

செந்தாமரை அந்த நோட்டுகளையே பார்த்தாள். எடுக்காமல் எழுந்துவிடலாம். எழுந்தால் வெள்ளிக்கிழமை நாச்சியார் முகத்தில் எப்படி விழிப்பது? பத்தாயிரம் போதாதுதான். ஆனாலும் கடைக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்க, கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

"உதவி எல்லாம் எனக்கு வேணாம்" என்றாள். "கடனா குடு. கட திறந்ததும் திருப்பிடறேன்."

'இன்னாக்கா பேசுற' என்பான் என்று எதிர்பார்த்தாள். ஒரு பேச்சுக்காவது சொல்வான் என்று.

"சரிக்கா" என்றான் அவன். "அப்டியே எழுதிடு."

வலது கையில் குழம்பு காய்ந்து இறுகியிருந்தது. ஒற்றைக் கையால் அடித்தாள். 'வ' என்றதும் எடிட்டர் வழக்கம்போல 'வரவு:அக்கா' என்று ஓடி வந்தது. அதைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக 'வரவேண்டியது:அக்கா' என்று அடித்து, பத்தாயிரம் என்று போட்டுச் சேமித்தாள்.

இளம்பரிதி குனிந்து பார்த்துவிட்டு, கணக்கை ஒரு தடவை ஓட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. அந்த வீட்டுக் கணக்கில் அக்கா பெயர் முதல் தடவையாகக் கடன் பேச்சில் நிலைத்து நின்றது, கொடுக்க வேண்டியவளாக.