சாந்தாமேரிக்குக் கொடுத்த மாடு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சாந்தாமேரி, கணவன் மரியஜோசப்போடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் சேலத்து மலைக்கிராமமான செம்மநத்தத்துக்கு வந்து சேர்ந்தது எழுபத்தாறாம் வருஷம். தாத்தன் காலத்தில் கடல் தாண்டிப் போன குடும்பத்தை, இரண்டு அரசாங்கங்களும் பேசித் திருப்பி அனுப்பியிருந்தன. இங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரங்க' என்று பெயர். காப்பி எஸ்டேட்டின் பழைய கூலி லைனில் ஓர் அறை கிடைத்தது. பழம் பறிக்கும் மாதங்கள் முடிந்தால் வேலை கிடையாது. நிவாரண அரிசி மாதத்தில் பாதி நாள்கூட வராது.

வருஷம் முழுக்கக் கிடைக்கிற வேலை கேட்டு மனுக் கொடுத்தாள். ஒண்டிக்கடையிலிருந்த மறுவாழ்வு அலுவலகத்தில் வேலைக்குப் பதிலாக மாடு கொடுத்தார்கள். காதில் எண் போட்ட தகடு தொங்கும் கலப்பின மாடு.

மேய்க்க இடமில்லை. எஸ்டேட்டுக்குள் விட்டால் வாட்ச்மேன் துரத்தினான், காட்டுக்குள் விட்டால் ஃபாரஸ்ட் கார்டு துரத்தினான். கூலி வேலை முடிந்து வந்து அவள் அறுத்துப்போட்ட புல்லைத் தின்றுவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல் அது பார்க்கும். பால் ஒரு டம்ளருக்கு மேல் இறங்கவில்லை. குளிரில் அது நடுங்கியதைப் பார்த்து மரியஜோசப் தன் கம்பளியைப் போர்த்திவிட்டான்.

"இருந்ததே ஒண்ணு. அதையும் மாட்டுக்குக் குடுத்துட்டீங்களா?"

"செத்துப்போனா நம்மளைத்தானே கேப்பாங்க?"

பக்கத்துத் தோட்டக்காரி வெள்ளையம்மாளுக்குக் கேட்கச் சகிக்கவில்லை. "ஏனுங்க, எங்கூட்டுத் தொழுவத்துல கட்டுங்க. ராகித்தாளு நொம்பக் கெடக்குது. பால்ல பாதி உங்க புள்ளைங்களுக்குத் தந்துபோடறேன்."

சாந்தாமேரி அதிகாரியிடம் போய் அனுமதி கேட்டாள்.

"பயனாளிக்குக் குடுத்த மாட்டை வேற ஆள் வெச்சுக்கக் கூடாதும்மா."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க சார்."

"திருப்பி எடுக்க உத்தரவு இல்லையே."

நான்கு தடவை நடந்தாள். நான்கு தடவையும் அதே பதில். ஐந்தாம் தடவை மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய் அலுவலக வாசல் தூணில் கட்டினாள்.

"உத்தரவு வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கட்டும். புல்லை நீங்க அறுத்துப் போடுங்க."

விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். பாதி வழியில்தான் பயம் வந்தது. அரிசியை நிறுத்திவிட்டால்?

மூன்றாம் நாள் பியூன் ஐயாக்கண்ணு மாட்டோடு வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு.

"உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்கம்மா. ஆபீஸ் பூச்செடி பூராவும் தின்னுபோட்டுது. சாணி அள்ளி என் கையே நாறுது. வெள்ளையம்மா ஊட்டுலயே கட்டிக்க ஆபீசர் சொல்லிட்டாருங்க. எழுத்துல மட்டும் கேக்காதீங்க. மேல இருந்து ஆரும் பாக்க வந்தா, அன்னைக்கு மட்டும் உங்க வாசல்ல நிக்கோணும்."

அன்று முதல் பிள்ளைகள் பால் குடித்தார்கள்.

தை மாதம் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். மாட்டைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார்கள். வெள்ளையம்மாள் தீவனத்தில் அது மினுமினுத்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நல்லா முன்னேறிட்டீங்க. இனிமே நிவாரண அரிசி தேவைப்படாது. நிறுத்திடலாம்."

ஒண்டிக்கடை அதிகாரி, சொல்லிவிடாதே என்று கண்ணால் கெஞ்சினார். சாந்தாமேரி அவரைப் பார்க்காமல் பெரிய அதிகாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன முன்னேறிட்டோம்? உள்ள வந்து அடுப்பைப் பாருங்க சார்! மாடு எங்ககிட்ட நின்னா செத்துப்போயிருக்கும். அந்தம்மா தீனி போட்டு வளக்குறாங்க. பாதிப் பாலு எங்களுக்கு. உள்ளது அவ்வளவுதான்."

பெரிய அதிகாரி பேனாவை மூடினார்.

"இதையெல்லாம் ஒரு மனுவா எழுதிக் குடும்மா. பரிசீலிச்சு முடிவு பண்றோம்."

"இன்னொரு மனுவா!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் பெரிய மகளை எழுதவைத்துத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐயாக்கண்ணு வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்.

"முடிவு வர்ற வரைக்கும் எதையும் நிறுத்த மாட்டாங்க. அரிசியும் வரும், பாலும் இருக்கும். என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டு மட்டும் இந்தப் பக்கம் வந்துபோடாதீங்க."

அவள் போகவில்லை. மூன்று வருஷமாக அந்த மனு பரிசீலனையில் இருக்கிறது.