கவியா கழற்றிக் கொடுத்த சக்கரம்

கவியா பந்தய சைக்கிள் ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தனியாக ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவள் வேலையும் இல்லை.

ஒரு அணியில் ஆறு பேர் இருந்தால் ஐந்து பேர் ஒருத்திக்காக ஓட்டுவார்கள். அவளுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வது, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து தருவது, கடைசி இருநூறு மீட்டரில் ஒதுங்கி வழிவிடுவது. கவியா சம்பளம் வாங்கியது இதற்குத்தான். ஜெயிக்க வேண்டியவள் தமிழ்ச்செல்வி. வேடந்தாங்கல் பக்கம் விவசாயக் குடும்பம், வயது இருபத்திரண்டு, கவியாவைவிட ஆறு வயது சின்னவள்.

கவியாவுக்கு ஊர் தேவனேரிக் குப்பம். ப்ளஸ் டூ படிக்கும்போது சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மாமல்லபுரம் போவாள். அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஈசிஆரில் விலையுயர்ந்த சைக்கிள்களில் ஒரு கூட்டம் வரும். நாலு வாரம் அவர்கள் பின்னாலேயே போனாள். ஐந்தாவது வாரம் முன்னால் ஓட்டிவந்த ஆபிரகாம் என்பவர் நிறுத்திக் கேட்டார்.

"எதுக்குமா எங்க பின்னாடியே வர?"

"உங்க பின்னாடி வந்தா காத்து அடிக்கல சார்."

ஆபிரகாம் தன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். இதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு இரண்டு வருஷமும் ஒரு தடிமனான புத்தகமும் தேவைப்பட்டிருந்தன. அவர் அப்போது ஒரு கம்பெனிக்காக அணி சேர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே கவியா அதில் இருந்தாள்.

சாலையில் மட்டுமல்ல, வெலோட்ரோம் என்கிற சரிவான வட்டப் பாதையிலும் ஓட்டினாள். அங்கே நாலு பேர் சேர்ந்து ஓட்டும் போட்டியில், மூன்றாவது ஆள் கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு. நாலாவது ஆள் பாதியில் கழன்றுகொண்டாலும் விதிப்படி தப்பில்லை. கவியா எப்போதும் நாலாவது ஆள். முதல் பாதியில் உயிரைக் கொடுத்து இழுத்துவிட்டு ஒதுங்கிவிடுவாள். தேசியப் போட்டியில் அவர்களுக்கு வெண்கலம் என்று மைக்கில் சொன்னபோது, அவள் மைதானத்தின் நடுவில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஆராயி மாமல்லபுரத்தில் மீன் விற்பவள். மகள் ஓட்டி ஒரு பந்தயமும் நேரில் பார்த்ததில்லை. இந்த ஜனவரியில்தான் பந்தயம் வீட்டு வாசலுக்கே வந்தது. செங்கல்பட்டில் ஆரம்பித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஈசிஆரில் திருவிடந்தை வரை போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்த் திரும்பி, மாமல்லபுரத்தில் முடிவு. ஜெயிப்பவளுக்கு இந்திய அணியின் பயிற்சி முகாமில் இடம். குப்பத்தில் பாதிப் பேர் ரோட்டோரம் வந்து நின்றார்கள்.

இரண்டாம் முறை திருவிடந்தையில் திரும்பும்போது கவியாவும் தமிழ்ச்செல்வியும் கும்பலிலிருந்து பிரிந்து தனியாக வந்துவிட்டார்கள். பின்னால் வருபவர்களுக்கும் இவர்களுக்கும் ஐம்பது விநாடி இடைவெளி. ஒரு நிமிஷத்துக்கு மேல் இருந்தால்தான் அணிக் கார்களைக் கும்பலைத் தாண்டிப் போக விடுவார்கள். ஆகவே இவர்களுடைய காரும் ஆபிரகாமும் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிவுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது தமிழ்ச்செல்வியின் முன்சக்கரம் பஞ்சர் ஆனது. இடம் சரியாகத் தேவனேரி. குப்பத்து ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

"நீ போக்கா," என்றாள் தமிழ்ச்செல்வி. "ஒருவாட்டி நீ போ."

கவியா யோசித்தாளா என்று பிறகு பலர் கேட்டார்கள். யோசித்தாள். நாலு கிலோமீட்டர், எதிரே தென்கிழக்குக் காற்று, கையில் ஐம்பது விநாடி. தனியாகப் போனால் ஜெயிக்கலாம், பிடிபடவும் செய்யலாம். பிடிபட்டால் கடைசி வேகத்தில் அவளால் யாரையும் முந்த முடியாது. தமிழ்ச்செல்வி பிடிபட்டாலும் ஜெயிப்பாள். இவ்வளவையும் யோசித்து முடித்தபோது அவள் தன் முன்சக்கரத்தைக் கழற்றி முடித்திருந்தாள்.

"பேசாத. சைக்கிளத் தூக்கு."

இருபது விநாடியில் சக்கரம் மாறியது. கவியா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். தமிழ்ச்செல்வி போய்விட்டாள். கைதட்டல் நின்றது.

ஆராயி ரோட்டைத் தாண்டி வந்து, ஒற்றைச் சக்கர சைக்கிளோடு நின்ற மகளைப் பார்த்தாள்.

"பஞ்சர் ஆனது அவுளுதுதான?"

"ஆமாம்மா."

"நீ இன்னாத்துக்குக் கயட்டிக் குடுத்த?"

"அவ ஜெயிப்பா."

"நீ?"

"நானும் ஜெயிச்சிருக்கலாம்."

"தெரிஞ்சிகினேதான் குடுத்தியா?"

"தெரிஞ்சிதாம்மா."

அதற்குள் பின்னால் வந்த கும்பல் காற்றைக் கிழித்துக்கொண்டு தாண்டிப் போனது. கவியா தலை குனிந்திருந்தாள். வேர்வை என்று சொல்ல முடியாத ஒன்று மூக்கு நுனியில் தொங்கியது. ஆராயி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "ரோட்ல நின்னுகினு இன்னா இது," என்றாள்.

கார் வந்தது. மெக்கானிக் வேறு சக்கரம் மாட்டினார். ஆபிரகாம் ஜன்னல் வழியாகக் கவியாவைப் பார்த்தார். "ஏறு," என்று மட்டும் சொன்னார். கவியா சைக்கிளில் ஏறிப் போனாள். அவசரத்தில் பஞ்சரான சக்கரம் ரோட்டோரமே கிடந்தது.

ஆராயி அதை எடுத்துக்கொண்டாள். பந்தயத்தின் கடைசி போலீஸ் வண்டி போகும்வரை பொறுத்திருந்து, பக்கத்து வீட்டு ஜான்சனின் டூவீலரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மாமல்லபுரத்தில் தமிழ்ச்செல்வி அரை சைக்கிள் நீளத்தில் ஜெயித்திருந்தாள். கழுத்தில் மெடலோடு மேடையில் நின்றாள். அறிவிப்பாளர் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆராயி கூட்டத்தை விலக்கி மேடைக்குக் கீழே வந்து சக்கரத்தை நீட்டினாள்.

"இந்தாம்மா உன் சக்கரம். எம்பொண்ணுத குடு."

அறிவிப்பாளர் நிறுத்திவிட்டார். தமிழ்ச்செல்வி இறங்கி வந்தாள்.

"அம்மா, அக்கா மட்டும் இல்லன்னா நான்..."

"தெரியும். பாத்துகினுதான் இருந்தேன். சக்கரத்தக் குடு."

தமிழ்ச்செல்வி ஓரமாகச் சாய்த்திருந்த தன் சைக்கிளிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தானே கழற்றினாள். மெடல் கம்பிகளில் இடித்து ஓசை எழுப்பியது. இரண்டு கையாலும் கொடுத்தாள். ஆராயி வாங்கி, சேறு இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

நாற்பத்தேழு பேரில் நாற்பத்து மூன்றாவதாக வந்திருந்த கவியா, முகம் கழுவிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தபோது, அம்மா சக்கரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கம்பெனி சக்கரம்மா அது."

"கம்பெனிக்காரன் வந்து கேக்கட்டும்."

ஆபிரகாம் பக்கத்தில்தான் நின்றார். எதிரே ஒரு கல் பட்டறையில் பாதி செதுக்கிய யானையை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

தமிழ்ச்செல்விக்கு முகாம் ஏப்ரலில்தான். அதற்கு முன், மார்ச் மாதம், வேடந்தாங்கல் பக்கம் ஒரு சின்னப் பந்தயம் நடந்தது. ஆபிரகாம் முந்தின நாள் அணியைக் கூப்பிட்டு, "நாளைக்குக் கவியா ஜெயிக்கணும்," என்றார். அன்று தமிழ்ச்செல்வி முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டாள், பாட்டில் கொண்டுவந்து தந்தாள், கடைசியில் ஒதுங்கி வழிவிட்டாள்.

கவியா இரண்டாவதாக வந்தாள்.

அழுதது தமிழ்ச்செல்விதான். ஏரிக்கரையில் உட்கார்ந்து, "என்னாலதான் போச்சு," என்று தேம்பினாள். கவியா பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கால்விரல்களை நீவிக்கொண்டாள்.

"சீக்கிரம் வேகம் எடுத்துட்ட," என்றாள். "பாலம் தாண்டி எடுத்திருக்கணும். பரவால்ல, பழகிடும்."

பிறகு தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்தாள்.