ஒரு சாண் ஒலிநாடா

எதிர் வீட்டு ஒட்டு அக்காவை எங்கள் தெருவில் யாரும் ஓவியர் என்று சொல்வதில்லை. தெரு தூக்கிப் போடுவதையெல்லாம் அவள் வீட்டுக்குள் தூக்கிப்போய்ப் பலகையில் ஒட்டுவதால் வந்த பெயர் அது. எனக்கு அதில் ஒரு வசதி உண்டு. கையில் காலி டப்பா ஒன்று இருந்தால் போதும், எந்த நேரத்திலும் உள்ளே நுழைந்து என்ன சங்கதி என்று பார்த்துவிட்டு வரலாம்.

எந்தப் பொருள் வந்தாலும் முதல் வேலையாக ஈரத்துணி போட்டு ஊறவைத்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமலே உரித்துவிடுவாள். "இது யாரோடது, என்னதுன்னு தெரிஞ்சிட்டா கத்தரிக்கக் கை வராது" என்பாள். பால்காரர் கொண்டுவரும் பையில் என்ன இருக்கிறது என்றுகூட எட்டிப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இப்படியும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுடைய தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அவன் விட்டுப்போன பெட்டி ஒன்று அவள் கட்டிலுக்கடியில் கிடந்தது. இடம் பற்றவில்லை என்று போனில் கேட்டாள். அவன் ஏதோ வேலை மும்முரத்தில், "துணிமணிய வெச்சிடுக்கா, பாட்டு கேசட்டெல்லாம் நீயே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டான். இவளுக்குக் கேட்கவா வேண்டும்? சீட்டுகளை உரித்தாள், நாடாக்களை உருவினாள், சாண் சாணாக நறுக்கினாள். பலகையில் அவர்களுடைய அம்மா உருவானாள். சைக்கிள் டியூபில் சேலைக்கரை, தட்டி நசுக்கிய சோடா மூடியில் கழுத்துமணி, ஒலிநாடாவில் இடுப்புவரை தொங்கும் கூந்தல். செத்துப்போன மனுஷி திரும்பி நின்று தலை வாருவதுபோலவே இருந்தது. வழக்கமாக ஏதாவது குறை சொல்லும் நானே வாயடைத்துப்போனேன்.

போன மாதம் தம்பி வந்தான். வந்ததும் பலகைமுன் நின்று, "அம்மாவேதான்க்கா. அந்த முடிகூட அப்படியே இருக்கு" என்றான். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நானும் எண்ணெய் டப்பாவோடு ஓர் ஓரமாக நின்றேன்.

அப்புறம் அவன் பையிலிருந்து ஒரு பழைய டேப் ரெக்கார்டரை எடுத்து மேசைமேல் வைத்தான். எங்கெங்கோ அலைந்து தேடி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தானாம்.

"எதுக்குடா இது?"

"அம்மா எனக்குப் பேசி அனுப்பிச்சாங்களே ஒரு கேசட்டு. போன தடவை வந்தப்ப அந்தப் பெட்டியிலதான் வெச்சேன். சாவுக்கும் வரமுடியல. குரலாவது கேக்கணும்க்கா. வேற எதுலயும் இல்லையே."

அக்காவின் கை தானாகப் பசை டப்பாவை மூடியது.

"பாட்டு கேசட்டுன்னுதானடா சொன்ன?"

"பாட்டு கேசட்டத்தான் சொன்னேன். அதுமேல பெரிசா 'அம்மா'ன்னு எழுதி ஒட்டியிருந்தேனே."

"நான் படிக்கலடா."

"மூணு எழுத்துக்கா. அதைக்கூடவா?"

அவள் பலகையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கிளம்பிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. கால்தான் நகரவில்லை.

கூந்தலைச் சுரண்டிப் பார்த்தார்கள். பசை ஊறிய நாடா, தொட்டால் செதில் செதிலாக வந்தது. ஒட்டியது போக மிஞ்சிய துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. அவற்றைத் தம்பி ஒவ்வொன்றாக ஒட்டி, ஒரு காலி கேசட்டுக்குள் சுற்றி, பொத்தானை அமுக்கினான். அரை வரி காதல் பாட்டு, தலைகீழாக ஒரு தவில், யாரோ பாடகி மூச்சிழுக்கும் சத்தம். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

பிறகு வந்தது அது. "அப்புறம் தம்பி..." என்று ஒரு கிழக்குரல். உடனே அதை மறித்து இன்னொரு குரல், இளசு: "போதும்மா, இங்க குடு, நான் பேசறேன்."

அதோடு முடிந்தது. மறுபடி பாட்டு.

திரும்ப ஓட்டினான். திரும்பவும் அதேதான். அவ்வளவு கேசட்டில் அம்மாவுக்கு மிஞ்சியது இரண்டு வார்த்தை. மீதி அக்காவுடையது.

"அன்னிக்கும் நீ அவங்கள பேச விடல" என்றான் தம்பி. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பாள்.

"நீ என்னை மறந்துடுவியோன்னுதான்டா" என்றாள்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கேசட்டை அவன் எடுத்துப்போனான், டேப் ரெக்கார்டரையும்தான். பலகையை அவளும் தரவில்லை, அவனும் கேட்கவில்லை. அதைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்த கண்காட்சிக்காரர்கள் வண்டியோடு வந்தபோது, "அது இன்னும் முடியல" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இனி முடிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அபூர்வமாக விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் செய்கிறான். அவள் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுவதால் எனக்கும் தெளிவாகக் கேட்கிறது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் இவள் ஒருத்தியே பொரிந்து தள்ளுவாள். அவனோ பிறந்ததிலிருந்தே நாலு வார்த்தைக்குமேல் பேசாதவன்.

"ஏதாவது பேசுக்கா" என்கிறான் அவன்.

"நீ பேசுடா. நான் கேக்கறேன்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. இரண்டு பேருமே போனை வைப்பதில்லை.