விளக்குக்காரியை ஏற்றிவிட்டார்களா?

கதாசிரியருக்கு முதலில் ஆட்களின் பெயர்கள் மறந்தன. பிறகு வீட்டு முகவரி. அதன் பின், தாம் கதை எழுதுகிறவர் என்பதே மறந்துபோயிற்று. படிக்க மட்டும் மறக்கவில்லை. அதுதான் வினையாக முடிந்தது.

ஒருநாள் அலமாரியைக் குடைந்தபோது அவர் கையில் 'சாம்பல் வாசல்' முதல் பாகம் அகப்பட்டது. ஆறு பாகங்கள் வெளிவந்து, ஏழாவதற்காக வாசகர்கள் தவம் கிடக்கும் மாயசாகசத் தொடர் அது. பாதி ஆயுளைச் செலவிட்டு அவரே எழுதியது. யாரோ எழுதியதென்று எண்ணி, சாப்பாட்டை மறந்து படித்தார். பின்னட்டையில் இருந்த தம் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் மூஞ்சியே சரியில்ல. ஆனா நல்லாக் கதை விடுறான்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்துவைத்தாள். தம்மோடு பேசுகிறவள் யாரென்று அவர் அறிந்திருந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் பேசினார்.

ஆறாம் பாகத்தை முடித்த அன்றோடு அந்த நிம்மதியும் போயிற்று. அதன் கடைசிப் பக்கத்தில், விளக்குக்காரி என்ற பெண் வறண்ட கிணற்றுக்குள் விழுந்து, கணுக்கால் முறிந்து, கையிலுள்ள விளக்கை அணையவிடாமல் அண்ணாந்து பார்த்தபடி கிடக்கிறாள். கதை அங்கேயே நிற்கிறது. கதாசிரியருக்கு உறக்கம் அற்றுப்போயிற்று. படுத்த சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "கீழ ஒரு பொண்ணு கெடக்கா, யாரும் போகலயா?" என்று கேட்பார்.

"ஏத்திட்டாங்க, படுங்க" என்பாள் மனைவி.

"எந்தப் பக்கத்துல?" என்பார்.

பேயும் பூதமும் தனக்கு ஒத்துவராது என்று இரண்டாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டவள் அவள். ஒரு விடியற்காலையில் அவர் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு, கயிறு தேடித் தெருவுக்கே போய்விட்டார். மாத்திரைகள் பலிக்கவில்லை. ஆள் துரும்பாக இளைத்தார். உறக்கமின்றி இந்த உடம்பு அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

அந்த வாரத்தில்தான் 'வாசல்காரர்கள்' தொலைபேசியில் அழைத்தார்கள். தொடரின் வாசகர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் அது. ஆண்டுதோறும் தபாலில் பாராட்டு அனுப்பிவந்தவர்கள், இம்முறை நேரில் வந்து வணங்க அனுமதி கேட்டார்கள். மனைவி நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, ஒரு நிபந்தனையும் வைத்தாள். ஏழாம் பாகம் வந்துவிட்டது, படித்துவிட்டோம், அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும். அவர் அதை நம்பித் தூங்கினால் போதும்.

மூவர் வந்தார்கள்: பல் மருத்துவராக இருக்கும் ஓர் அம்மாள், ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு கண்ணாடிக் கடைக்காரர். பொய்யை மாடிப்படியிலேயே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். தொடரில் அவளோடு பயணம் வரும் படகுக்காரன் கயிறு விட்டுத் தூக்கினான் என்பது பெரும்பான்மைத் தீர்மானம்.

கடைக்காரர் தம் கையால் செய்த பாராட்டுப் பட்டயத்தை நீட்டினார். கதாசிரியர் அதை வாங்க மறுத்தார். "எழுதுனவருக்குல்ல குடுக்கணும்? நானும் உங்கள மாதிரி படிக்கிற ஆளுதான்."

கடைக்காரர் கண்களைத் துடைப்பதற்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிலைமை கெடுவதற்குள் ஓட்டுநர் முந்திக்கொண்டார். "ஐயா, ஏழாம் பாகம் வந்துடுச்சு. விளக்குக்காரி பொழச்சுட்டா. படகுக்காரன் கயிறு விட்டுத் தூக்கிட்டான்."

கதாசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எந்தக் கயிறு?"

"படகுல கெடந்த கயிறுதான்யா" என்றார் ஓட்டுநர். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. பொய்யே ஆனாலும், தொடருக்குப் பொருந்தாத பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் இயலவில்லை. "கயிறுதான் மூணாம் பாகத்துலயே எரிஞ்சுபோச்சேண்ணே. படியில வரும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவ சுவத்துல கால ஊனி ஏறுனா."

முறிந்த காலை எப்படி ஊன்றுவாள் என்று பல் மருத்துவர் மடக்கினார். நரிதான் சுரங்கவழி காட்டியது என்றும் சொன்னார். நரி நாலாம் பாகத்திலேயே மண்டையைப் போட்டுவிட்டதை ஓட்டுநர் நினைவூட்டினார். செத்ததாகச் சொன்னார்களே தவிர உடலைக் காட்டவில்லை என்று மருத்துவர் விடாப்பிடியாக நின்றார். வந்த வேலையை மூவரும் மறந்தார்கள். கதாசிரியரின் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கணவரின் முகத்தைப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார். அறை அடங்கியது.

"இந்த ஆள் அப்படியெல்லாம் எழுத மாட்டான்" என்றார். "முதல் பாகம் எப்படி ஆரம்பிக்குது?"

"கெழவனாயிட்ட படகுக்காரன், ஒரு பலகைக்கல்லு மேல உக்காந்து கதை சொல்றான்" என்றார் ஓட்டுநர். ஆறு பாகங்களையும் அவன் அதன் மேல் உட்கார்ந்தே சொல்கிறான் என்று கடைக்காரர் சேர்த்துக்கொண்டார்.

"அது என்ன கல்லுன்னு யாராவது யோசிச்சீங்களா?"

வரிக்கு வரி மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய அந்த மூவரும் அதை யோசித்ததில்லை.

"கிணத்த மூடுன கல்லு" என்றார் கதாசிரியர். "அவ வெளக்கு எரியிற வரைக்கும் கிணத்துக்குள்ள இருக்கிற சாம்பல் வாசல் திறந்தே கெடக்கும். திறந்து கெடந்தா அந்தச் சாம்பல் ஊரையே மூடிடும். அணைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தவ அவ. அதான், கூட வந்தவங்களே மூடிட்டாங்க."

"உயிரோட இருக்கும்போதா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"ஆமா. படகுக்காரனும்தான் கை குடுத்தான். அதான் அந்த எடத்த விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறான்." பக்கத்தில் கிடந்த ஆறாம் பாகத்தின் பின்னட்டைப் படத்தை விரலால் தட்டினார். "ஈவிரக்கமில்லாத பய. ஆனா சரியாத்தான் எழுதியிருக்கான்."

அவ்வளவுதான். தலை சாய்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே, வாய் லேசாகத் திறந்திருக்க, கதாசிரியர் தூங்கிப்போனார்.

நாற்காலி கிறீச்சிடுமோ என்று அஞ்சி யாரும் அசையவில்லை. இதெல்லாம் எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று பல் மருத்துவர் தாழ்ந்த குரலில் விசாரித்தார். ஒரு வரிகூட இல்லை என்றாள் மனைவி; வெளியே சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். வாசல்வரை வந்த ஓட்டுநர் செருப்பை மாட்டியபின்னும் போகாமல் நின்றார்.

"மேல கல்ல நகத்துற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமாம்மா? தூக்க வந்துட்டாங்கன்னு நெனச்சிருப்பா."

"தெரியல தம்பி" என்றாள் அவள்.

கதாசிரியர் மறுநாள் காலைவரை தூங்கினார். அதற்கடுத்த நாளும் தூங்கினார். உடம்பில் சதை பிடித்தது. வைத்தியம் பார்த்த மருத்துவர் தம் மாத்திரையை மெச்சிக்கொண்டார். கிணற்றைப் பற்றிக் கதாசிரியர் மறுபடி கேட்கவே இல்லை. புத்தகங்களைத் தொடவும் இல்லை. பின்னட்டைக்காரனைத் திட்டவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், காட்டிய இடத்தில் உட்கார்ந்தார், அவளிடம் பேசுவதற்கு அவருக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவள், முன்பு நிறுத்திவைத்த இரண்டாம் பாகத்திலிருந்து தொடரைப் படிக்கத் தொடங்கினாள். சமையல் ஒழிந்த பிற்பகல்களில், பேயும் பூதமுமாகச் சகித்துக்கொண்டு, ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கம்வரை படித்தாள். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கீழ ஒரு பொண்ணு கெடக்கா" என்றாள். "யாரும் போகலயா?"

அறிமுகமில்லாதவரிடம் காட்டும் மரியாதையோடு அவர் புன்னகை செய்தார்.

"எந்தப் பொண்ணுங்க?" என்றார்.