நபீஸா மொடல் சட்டை

ஆமினா உம்மா குளிப்பாட்டக் கிடத்திய மையித்தின் சட்டையைக் கத்தரிக்கோலால் தோள் வரைக்கும் வெட்டி விலக்கினாள். விலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் வாளியோடு மறுபக்கம் நின்ற ஸஹீதா குனிந்து பார்த்தாள்.

தங்கச்சி நபீஸாவின் புயம் முழுக்கக் கன்றிக் கிடந்தது. பழைய காயம் மஞ்சளாய், புதியது நீலமாய். இடையிடையே சிகரெட்டால் சுட்ட வடுக்கள். ஒரு பக்கக் காதுச் சோணை கிழிந்து, ஆறி, இரண்டாய்த் தொங்கியது. மெல்லப் புரட்டினால் முதுகில் பெல்ட்டுத் தடம்.

"ரப்பே! இருதயம் நிண்டு போச்செண்டுதானே இவள்ட மாப்பிள்ள கொண்டு வந்தான்?"

"ஸத்தம் போடாத மகள்." ஆமினா உம்மா துணியை இழுத்து மூடினாள். ஏறாவூரில் பெண் மையித்து எதுவானாலும் குளிப்பாட்டுவது அவள் கைதான். "குளிப்பாட்டுறவ கண்ட குறைய மூடணும். அது நம்மள நம்பித் தந்த அமானிதம். இந்த மறைப்புக்கு அங்கால ஒரு சொல்லும் போகப்படா."

கிணற்றடியைச் சுற்றித் தென்னோலைக் கிடுகும் சீலையும் கட்டிய மறைப்பு அது. அதற்கு அங்கால் ஊரே நின்றது. காத்தான்குடியிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். சண்டை தொடங்கியதிலிருந்து மௌத்து வீட்டுக்கு வர ஆட்களே பயப்படுகிற காலம். ஆனால் இது பாட்டுக்கார நபீஸாவின் மௌத்து அல்லவா! நோன்பு காலத்தில் அவள் குரல் கேட்காத வீடு உண்டா? பாட்டுக் கெசட் மட்டையில் அவள் போட்டிருந்த முழுக்கைச் சட்டைக்கு 'நபீஸா மொடல்' என்று பெயர் வைத்து, அந்தப் பக்கத்துக் குமர்ப் பெண்கள் எல்லாம் தைத்துப் போட்டார்கள். அது எதை மறைக்கத் தைத்த கை என்று எந்தத் தையல்காரிக்குத் தெரியும்!

கிடுகு ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. "ஒருக்கா முகத்தக் காட்டுங்களன். எத்தின பவுன் போட்டிருக்கா?"

"போங்கடி அங்கால!" என்று சீறினாள் ஸஹீதா.

கற்பூரம் எடுக்க அவள் வீட்டுக்குள் போனாள். வாசலில் தங்கச்சி மாப்பிள்ளை பதியுதீன் வெள்ளைச் சட்டையும் சிவந்த கண்ணுமாக நின்றான். வருகிறவர்கள் எல்லாம் அவன் கையைப் பிடித்து, "பெரிய இழப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைக்குச் சலாம் வேறு!

"ராத்தா, ஒரு கத," என்று அவளைப் பின்தொடர்ந்து வந்தான். "உங்கட மகள் கைறுன்னிஸாட குரல் அச்சொட்டா நபீஸாடதான். ஒத்துக்கிட்ட மேடையெல்லாம் கிடக்கு. புள்ளய என்னோட அனுப்புங்க. கொழும்பில என்ட உம்மாவோட இருக்கட்டும்."

"உம்மா, நான் போறன்." மகள் அறைக்குள்ளிருந்து வந்தாள். பதினேழு வயது. அழுது வீங்கிய முகத்திலும் ஆசை தெரிந்தது. "இஞ்ச இருந்து என்னத்துக்கு? வெடி கேக்கிறதுக்கா? வாப்பா வயல் வட்டைக்குப் போனாரு, வந்தாரா? சாச்சி இருந்திருந்தா என்னக் கூட்டித்தானே போயிருப்பா?"

ஸஹீதாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என்ன? சொன்னால் மையித்தின் மானம் போகும். நாளைக்குச் சந்திக்குச் சந்தி தங்கச்சியின் முதுகைத்தான் கதைப்பார்கள். சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். தடுத்தாலும் உம்மாவுக்குப் பொறாமை என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் போவாள். ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவான். நபீஸா மட்டும் அன்றைக்கு இதே கண்ணோடு இவன் பின்னால் கொழும்புக்குப் போனாள். சுற்றிவரச் சொந்தம் இருந்திருந்தால் இவனுக்குக் கை நீளுமா? எல்லாரும் பெருமைப்பட்டு அனுப்பிவிட்டோமே!

"சரி மச்சான், பிறகு பார்ப்பம்," என்றாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். "கை கால் கழுவி உளூச் செய்துட்டு வா. சாச்சிக்குத் தண்ணி ஊத்து."

"நானா? எனக்குப் பயமாக் கிடக்கு உம்மா."

"சொந்தக்காரப் புள்ள ஊத்தலாம். வா."

மறைப்புக்குள் ஆமினா உம்மா நிமிர்ந்து ஸஹீதாவைப் பார்த்தாள். எதற்குக் கூட்டி வந்தாள் என்று கிழவிக்கு விளங்கியது. பிள்ளையின் கையில் கோப்பையைக் கொடுத்தாள். "வலப்பக்கத்தால ஊத்து மகள். இஞ்ச கண்டது இஞ்சயே இருக்கணும், விளங்கிச்சா?"

"ஓம்."

துணி விலகியது. கைறுன்னிஸா ஊற்றத் தொடங்கியவள் நிறுத்தினாள். கோப்பை சரிந்து தண்ணீர் அவள் காலில் கொட்டியது. ஸஹீதா மகளின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு காட்சியைக் காட்டும்படி ஆகிவிட்டதே!

வெளியே யாரோ ஒருத்தி நபீஸாவின் பாட்டை முணுமுணுத்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"மகள் கைறுன்னிஸா!" பதியுதீனின் குரல் மறைப்புக்கு அங்கால் கேட்டது. "உடுப்ப எடுத்து வை. அடக்கின கையோட வெளிக்கிடணும். ஊரடங்கு போட்டிருவானுகள்."

கைறுன்னிஸா குரல் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். கோப்பையைத் திரும்ப நிறைத்தாள். ஆமினா உம்மா துணி சுற்றிய கையால் முதுகைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"மெல்ல, உம்மம்மா," என்றாள் கைறுன்னிஸா. "அந்த இடம் நோகும்."

எத்தனையோ மையித்தைக் கழுவிய கை. அது மெதுவாகத் தேய்த்தது.